மிச்ச எலிகளின் கணக்கு

தஞ்சோங் மாலிமில் எங்கள் கோயில் சமய வகுப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் வேலை. போன மாதம் திருமறைக்காட்டு எலியின் கதை சொன்னேன். விளக்கில் நெய் குடிக்க வந்த எலி மூக்கைச் சுட்டுக்கொண்டு துள்ளியது. அதில் அணையப் போன திரி தூண்டப்பட்டு விளக்கு சுடர்விட்டது. அந்தப் புண்ணியத்தால் எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியானது. கதை முடிந்ததும் நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, எலி பிள்ளையாரோட வாகனம்தானே? அப்புறம் ஏன் லேப்ல எலிய கொல்றாங்க? அதுக்கும் புண்ணியம் கெடைக்குமா?"

"கெடைக்கும்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே உறுத்தல். திருமறைக்காட்டு எலி நெய்க்கு ஆசைப்பட்டுத் தானாக வந்தது. யாரும் அதைப் பிடித்து விளக்குப் பக்கத்தில் நிறுத்தவில்லை.

நான் பொறியியல் மாணவன். உயிரியலுக்கும் எனக்கும் தூரம். ஆனால் எங்கள் வீட்டில் தமோக்சிபென் மாத்திரை இருக்கிறது. பேராங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது தினமும் ஒரு மாத்திரை. அதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், இதே மருந்து ஆய்வுக்கூடச் சுண்டெலிகளுக்குள் ஒரு சுவிட்ச் மாதிரி வேலை செய்கிறது என்று தெரிந்தது.

விஷயம் இதுதான். ஒரு மரபணு என்ன செய்கிறது என்று அறிய, அதை எடுத்துவிட்டு என்ன கெட்டுப்போகிறது என்று பார்ப்பார்கள். எலியில் இப்படிக் குறிப்பிட்ட மரபணுவை நீக்கும் முறைக்காக கபேக்கி, எவன்ஸ், ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் முக்கியமான மரபணுவை உடம்பு முழுக்க எடுத்தால் எலி பிறக்கவே பிறக்காது. ஆக்ட்-4 என்று ஒன்று உண்டு. அது இல்லாத கரு, கருப்பையில் பதியும் கட்டத்திலேயே அழிந்துவிடுகிறது என்று 1998இல் கண்டார்கள். அப்படியானால் பின்னால் அதற்கு வேறு என்ன வேலை என்று எப்படிப் பார்ப்பது?

அதற்குத்தான் நிபந்தனையோடு நீக்கும் முறை. மரபணுவின் இரண்டு பக்கமும் 34 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத்தை வைக்கிறார்கள். அதை மட்டும் தேடி வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று, க்ரீ என்கிற புரதம், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து எடுத்தது. எந்த உறுப்பில் க்ரீ உண்டாகிறதோ அங்கே மட்டும் மரபணு போகும். க்ரீயோடு தமோக்சிபெனை அடையாளம் காணும் பகுதியையும் ஒட்டிவிட்டால், மருந்து கொடுக்கும் நாளில்தான் வெட்டு விழும். ஒரு பொறியியல் மாணவனாகச் சொல்கிறேன், இவ்வளவு அழகான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த முறையில் 2004இல், விந்தணுவாகவும் முட்டையாகவும் மாறப்போகும் ஆதிச் செல்களில் மட்டும் ஆக்ட்-4ஐ எடுத்தார்கள். அந்தச் செல்கள் செத்துப்போயின. 2007இல் வளர்ந்த எலிகளின் குடல், எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களிலுள்ள ஸ்டெம் செல்களில் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரே மரபணு, ஓரிடத்தில் உயிர், இன்னோரிடத்தில் தேவையே இல்லை. வேலூர் சிஎம்சியில் இரத்தம் உறையாத நோயுள்ள 5 பேருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துச் சிகிச்சை கொடுத்த செய்தி 2024இல் வந்தது. அது வேறு முறை. ஆனால் அதுவும் முதலில் எலிகளைத் தாண்டித்தான் மனிதனுக்கு வந்தது.

இதையெல்லாம் அத்தையிடம் ஆர்வமாகச் சொன்னேன். அத்தை மாத்திரை இந்த எலிகளால் வந்ததல்ல, அதற்கு முன்பே வந்தது என்பதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்களுக்கு வேணுங்கிற மாதிரி பொறக்காத எலிங்கள என்னா பண்ணுவாங்க?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடையாளம் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரணும். கூடவே க்ரீயும் வரணும். வழக்கமான ஒரு ஜோடியில் நாலில் ஒரு குட்டிக்குத்தான் இது அமையும். எட்டுக் குட்டியில் இரண்டு. மீதி ஆறில் சில ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மற்றவை கொல்லப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017இல் மட்டும் எந்தச் சோதனைக்கும் பயன்படாமல் கொல்லப்பட்ட விலங்குகள் ஏறத்தாழ 1 கோடியே 26 லட்சம், பெரும்பாலும் சுண்டெலிகள். புரோட்டோன் சிட்டி இருக்கிற ஊர்க்காரனுக்கு 'ரிஜெக்ட்' என்ற சொல் புதிதல்ல. ஆனால் ரிஜெக்ட் ஆன இரும்பை மறுபடி உருக்கலாம்.

"நல்லதுக்குத்தானே" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. கொன்று வரும் ஆக்கம் எவ்வளவு பெரிதானாலும் சான்றோருக்கு அது இழிவு என்று கொல்லாமை அதிகாரத்தில் வள்ளுவர் கதவை அடைத்துவிட்டார். சிபி தன் தொடையை அறுத்தான். ததீசி தன் எலும்பைக் கொடுத்தார். இரண்டு பேரும் கொடுத்தது தங்களுடையதை. எலியின் உயிரை நாம் எடுத்துவிட்டு, 'எலி தியாகம் செய்தது' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிலர் கேட்கலாம், செம்பனைத் தோட்டத்தில் தினமும் எலிக்கு விஷம் வைக்கிறோமே, அப்போது யாரும் வாய் திறக்கவில்லையே என்று. நியாயம்தான். என் அத்தையே தோட்ட வீட்டில் எலி மருந்து வைத்தவர். ஆனால் ஒரு கேள்வியை அங்கே கேட்கவில்லை என்பதற்காக இங்கேயும் கேட்கக்கூடாதா?

ஆய்வை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கு அத்தைக்கு நோய் திரும்பி, எலிகளால் வந்த புது மருந்து இருந்தால் ஓடிப்போய் வாங்குவேன். அதனாலேயே அதைப் புண்ணியம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வாங்கியவன் கடன் என்று சொல்லணும். கடன் என்றால் குறைக்கப் பார்க்கணும். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இலேயே மூன்று வழி சொன்னார்கள்: முடிந்தால் விலங்கில்லாமல் செய், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஆராய்ச்சிக்கு உரிமம் கேட்கிறது. பெற்றோரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே எட்டில் இரண்டு எட்டில் நாலாகும். விந்தணுவை உறையவைத்தால், தேவையில்லாத காலத்தில் எலிகளை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஆனால் இனவிருத்திச் செல்களை ஆராயும்போது இந்தத் தேர்வு பெரும்பாலும் பலிக்காது. மரபணு போன எலி மலடாகிவிடும், அதைப் பெற்றோராக வைக்க முடியாது. நாலில் ஒன்று என்ற கணக்கு அங்கே அப்படியே நிற்கிறது.

போன ஞாயிறு அந்தப் பையனிடம், "அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா" என்றேன். பலகையில் எட்டு எலி வரைந்து இரண்டுக்கு வட்டம் போட்டேன். வட்டம் போடாத எலிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகளும் கேள்வி கேட்க ஆரம்பித்து, அன்றைக்குத் தேவாரம் பாடவே நேரமில்லாமல் போய்விட்டது. சமய வகுப்பு நடத்தும் நண்பர்கள் யாராவது இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்திருந்தால், நம் இதழுக்கே எழுதுங்கள்.