நிலம் யாரைத் தண்டித்தது?

1934 ஜனவரி 24 அன்று காந்தி திருநெல்வேலியில் இருந்தார். தீண்டாமை ஒழிப்புக்காக ஊர் ஊராக நிதி திரட்டிக்கொண்டு வந்த பயணம் அது. ஒன்பது நாட்களுக்கு முன்பு, ஜனவரி 15 பிற்பகல் இரண்டே கால் மணியளவில், வட பீகாரும் நேபாளமும் குலுங்கிச் சரிந்திருந்தன. முங்கேர் நகரம் செங்கல் குவியலாகக் கிடந்தது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் அரண்மனைகளும் கோயில்களும் விழுந்தன. நேபாளத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல், பீகாரில் ஏழாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். திருநெல்வேலிக் கூட்டத்தில் அந்தப் பேரழிவைப் பற்றிப் பேசிய காந்தி, இது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று தாம் நம்புவதாகவும், இது மூடநம்பிக்கை என்றால் அந்த மூடநம்பிக்கையில் மக்களும் தம்மோடு சேர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

தமிழ்க் காதுகளுக்கு இந்த வகைப் பேச்சு புதிதல்ல. அரசன் முறை தவறினால் மழை பொய்க்கும் என்பது வள்ளுவரே கொடுங்கோன்மையைப் பேசும்போது எடுத்துவைக்கும் கருத்து. பாண்டியன் செய்த பிழைக்கு மதுரை எரிந்த கதை தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அறம் பிறழ்ந்தால் வானமும் நெருப்பும் எழுந்து வரும் என்ற எண்ணம் நம் மண்ணில் ஆழமாக ஊறியது.

வங்காளத்திலிருந்து மறுப்பு வந்தது. எழுதியவர் தாகூர். தீண்டாமையை எதிர்ப்பதில் அவர் காந்திக்கு இளைத்தவர் இல்லை. அதனால்தான் அந்த மறுப்புக்கு எடை அதிகம். இயற்கை நிகழ்வுக்குக் காரணம் இயற்கைக்குள்தான் இருக்க வேண்டும், மனிதர்களின் ஒழுக்கத்தில் அதைத் தேடுவது அறிவுக்கு ஒவ்வாதது என்றார். கூடவே கூரான ஒரு முள்ளையும் வைத்தார்: இந்த வகை வாதம் உங்களைவிட உங்கள் எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும். காந்தியும் அவரைப் பின்பற்றுபவர்களும் செய்த பாவத்துக்கே நிலம் நடுங்கியது என்று சனாதனிகள் சொன்னால் என்ன பதில்? காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே பிப்ரவரி 16 அன்று வெளியிட்டு, பக்கத்திலேயே தன் பதிலையும் அச்சிட்டார். இன்றைய விவாதங்களில் இந்தப் பெருந்தன்மையை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும்.

நேரு இன்னும் குறும்பாகக் கேட்டார். பூகம்பம் தண்டனைதான் என்றால், சட்ட மறுப்பு இயக்கத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று பிரிட்டிஷ் அரசும் சொல்லிக்கொள்ளலாமே. அதிகம் அடிபட்ட வட பீகார்தான் விடுதலைப் போராட்டத்தில் முன்னால் நின்றது.

காந்தியின் பதிலை மேம்போக்காகப் படித்துத் தள்ளிவிட முடியாது. ஏன் பீகார், ஏன் வேறு மாகாணம் இல்லை என்ற கேள்விக்கு, நான் கடவுள் இல்லை என்றுதான் சொன்னார். தன் நம்பிக்கை தவறாகவே இருந்தாலும் அது தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டுமானால் நல்லதுதான் என்றும் எழுதினார். அதாவது, அவர் பழியைத் தன் மீதும் தன்னைச் சேர்ந்த மேல்சாதி இந்துக்கள் மீதும் ஏற்றிக்கொண்டார். பேரழிவைப் பார்த்து ஒருவர் தன் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதில் பிழை இல்லை. சிக்கல் அடுத்த அடியில் வருகிறது. முங்கேரின் இடிபாடுகளுக்குள் குழந்தையை இழந்த ஒருத்தி இதைக் கேட்டால் அவளுக்கு இதில் என்ன இருக்கிறது? அவள் தலித்தாக இருந்தால், தனக்கு இழைக்கப்பட்ட பாவத்துக்காகத் தானே தண்டிக்கப்பட்டவள் ஆகிறாள். கண்ணகிகூடத் தீயிடம் முதியவர்களையும் குழந்தைகளையும் நல்லவர்களையும் விட்டுவிடச் சொன்னாள். பீகாரின் நிலம் அப்படி யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஏன் பீகார் என்ற கேள்விக்குப் பதில் மெதுவாக, வேறு இடத்திலிருந்து வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆட்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து எந்தச் சுவர் எப்படிச் சாய்ந்தது, எந்த வயலில் மணல் பீறிட்டது, எந்தக் கிணறு தூர்ந்தது என்று குறித்தார்கள். அவர்களில் ஒருவர் ஜே. பி. ஆடன், கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன். 1939இல் வந்த அவர்களுடைய அறிக்கை ஒரு விசித்திரத்தைக் காட்டியது. அழிவு ஒரே வட்டமாகப் பரவவில்லை. வட பீகாரில் ஒரு நீண்ட பட்டை, கங்கைக் கரையில் முங்கேர், மலைகளுக்கு நடுவே காத்மாண்டுப் பள்ளத்தாக்கு என மூன்று தனித்தனி இடங்களில் அது உச்சத்தில் இருந்தது. பூகம்பத்தின் மையம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்டுக்குத் தெற்கே இருந்தது என்பது பின்னாளைய கணக்கு. முங்கேர் அங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில். மையத்துக்கு அருகே பாறை மேல் நின்ற வீடு தப்பவும், தொலைவில் வண்டல் மேல் நின்ற நகரம் நொறுங்கவும் முடியும். ஆறு கொண்டுவந்து கொட்டிய ஈர மண், அதிர்வலையைப் பெருக்கிக் காட்டும். சில இடங்களில் அந்த மண்ணே கூழாகி, மேலே நின்ற கட்டடத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

இதெல்லாம் எங்கே என்ற கேள்விக்குப் பதில். எனக்கு ஏன் என்று கேட்பவளுக்கு இது ஆறுதலாகாது. அறிவியல் அப்படி வாக்குக் கொடுக்கவும் இல்லை.

இந்தியத் தட்டு இமயமலையின் அடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது. நூறு ஆண்டுகளில் இரண்டு மீட்டர். உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும்வரை மலைக்கடியில் இறுக்கம் ஏறும். பிடி விட்டால் நொடிகளில் இறங்கும். இமயத்தின் நடுப்பகுதியில் சில பட்டைகளில் 1505க்குப் பிறகு மாபெரும் பூகம்பம் வந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் இன்றைய கவலை. கணக்கு தெரியும், தேதி தெரியாது. ஊழை நம்பியவர்களும் ஏறக்குறைய இதே நிலையில்தான் வாழ்ந்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஊழுக்கு அஸ்திவாரம் போட முடியாது, பூகம்பத்துக்கு முடியும்.

2015 ஏப்ரல் 25 பகல் 11.56க்கு நேபாளம் மறுபடி குலுங்கியது. அதன் அளவு 7.8, இறந்தவர்கள் ஒன்பதாயிரத்தை ஒட்டி. 1934இல் இடிந்து மீண்டும் எழுப்பப்பட்ட தரகரா கோபுரம் இன்னொரு முறை விழுந்தது. பசுபதிநாதர் கோயிலின் மூலக் கட்டடம் பெரிய சேதமில்லாமல் நின்றது. அன்று சனிக்கிழமை; நேபாளத்தில் பள்ளிகளுக்கு வார விடுமுறை. ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் உடைந்தன, வகுப்புகளில் பிள்ளைகள் இல்லை. பசுபதிநாதர் காப்பாற்றினார் என்று பலர் கைகூப்பினார்கள். அதே கோயிலின் படித்துறையில், பாக்மதிக் கரையில், சிதைகள் ஓயாமல் எரிந்தன.

தண்டித்தார் என்பதை ஏற்காத பலர், காப்பாற்றினார் என்பதைத் தயங்காமல் ஏற்கிறார்கள். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கம்தான். தப்பியவனின் நன்றியைப் பறிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த நன்றியைக் கொள்கையாக்கினால், இறந்தவன் கைவிடப்பட்டவன் ஆகிவிடுகிறான். எது நின்றது, எது விழுந்தது என்பதற்கு விளக்கம் வேறு. காத்மாண்டு அதிர்வு மெதுவான, நீண்ட அலையாக வந்தது; அது உயரமான கோபுரத்தை உலுக்கியது, தாழ்ந்த செங்கல் வீடுகளில் பலவற்றை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தொட்டது. மலைக் கிராமங்களில் மண் பூசிய கல்வீடுகள் லட்சக்கணக்கில் சரிந்தன.

தீண்டாமைக்கும் பேரழிவுக்கும் இடையே காந்தி நாடிய தொடர்பு அங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே வந்தது. வீடு கட்ட நேபாள அரசு மூன்று லட்சம் நேபாள ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அதைப் பெற நிலத்துக்கான பத்திரம் கேட்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நிலமில்லாத தலித் குடும்பங்கள் பத்திரத்துக்கு எங்கே போவது? நிவாரணப் பொருள் பங்கீட்டிலும் சாதி பார்க்கப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. தீண்டாமை பூகம்பத்தை உண்டாக்கவில்லை. பூகம்பத்துக்குப் பிறகு யார் தகரக் கொட்டகையில் எத்தனை குளிர்காலம் கழிப்பது என்பதில் அதற்குப் பங்கு இருந்தது. தாகூர் காரணத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஒழுக்கத்துக்கும் இடிபாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது அதை நீட்டினால், அது தாகூர் சொல்லாதது.

அதே இமயத்தின் இந்தியப் பக்கத்தில், உத்தராகண்டின் மலைகளில், இன்று ஐஐடி ரூர்க்கி நிலநடுக்க உணரிகளை நிறுவியிருக்கிறது. 2021இல் கைப்பேசிச் செயலி ஒன்றும் வந்தது. பூகம்பத்தைக் கருவி முன்கூட்டியே அறிவதில்லை. பாறை உடைந்தவுடன் வேகமாகப் பாயும் முதல் அலை உணரியைத் தொடும். சேதம் செய்யும் இரண்டாம் அலை சற்று மெதுவாக வரும். மின்சமிக்ஞை இரண்டையும் முந்திக்கொண்டு ஓடும். மையம் உத்தரகாசிப் பக்கம் என்றால் டேராடூனுக்குச் சில நொடிகளும், தில்லிக்கு ஒரு நிமிடத்தை ஒட்டியும் கிடைக்கலாம்.

மையத்துக்கு அருகே உணரி நிற்கும் மலைக் கிராமத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அங்கே முதல் அலையும் இரண்டாம் அலையும் ஏறக்குறைய சேர்ந்தே வந்துவிடும். சமவெளி நகரம் தப்புவதற்கான செய்தியை முதலில் உடலால் வாங்குபவர்கள் அவர்கள். 1991 அக்டோபர் 20 அன்று உத்தரகாசியில் எழுநூறு பேருக்கு மேல் இறந்தபோது, அந்த மாவட்டத்தில் கல்லடுக்குக்கு இடையே மரச் சட்டம் கோத்துக் கட்டிய பல அடுக்குப் பழைய வீடுகள் தாக்குப்பிடித்தன. கோட்டி பனால் பாணி என்று பொறியாளர்கள் அதை ஆராய்கிறார்கள். இன்று அப்படிக் கட்டும் அளவுக்கு மரம் எளிதில் கிடைப்பதில்லை. சரிவுகளில் மெல்லிய கான்கிரீட் தூண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. எச்சரிக்கை தங்களைத் தாண்டிப் போகும் என்றாலும் உணரியைத் தங்கள் ஊரில் வைத்திருக்கும் அந்த மக்களின் பள்ளிச் சுவரை யார் செலவில் வலுப்படுத்துவது என்பதற்கு டேராடூனும் தில்லியும்தான் பதில் சொல்ல வேண்டும்.