ஒரு டிகிரி

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் "அப்பனை அச்சுல வார்த்த மாதிரியே இருக்கான்" என்றால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்பனிடம் இருந்த கோணலும் சேர்ந்து வந்திருக்குமே என்று அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை, சொந்தமாக ஒரு அச்சு செய்யும் வரை.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் ரோகிணி கிளைடரின் உடற்பகுதிக்கு ஃபைபர் அச்சு செய்தேன். ரோகிணி நம் நாட்டுக் கிளைடர். எஸ். ராமாமிர்தம் வடிவமைத்தது, 1961-ல் முதலில் பறந்தது. பயிற்சிக்கானது என்பதால் கற்பவரும் கற்பிப்பவரும் அருகருகே அமர்வார்கள். அஸ்வினி, பரணி, கார்த்திக் என்று அந்தக் கால இந்தியக் கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்கள். ரோகிணி முழுக்க மரத்தால் ஆனது. ஆனால் அந்த அகலமான மூக்கை மாதிரி விமானத்தில் ஒட்டுப்பலகையை வளைத்துக் கொண்டுவருவது எனக்குக் கைவரவில்லை. அதனால்தான் ஃபைபர்.

முழு அளவுக் கிளைடர்களே அந்தப் பக்கம் போய்விட்டவைதான். 1957-ல் ஜெர்மனியில் பறந்த ஃபீனிக்ஸ்தான் கண்ணாடி இழையில் உருவான முதல் கிளைடர். மரத்தில் கொண்டுவர முடியாத வழவழப்பு அதில் கிடைத்தது.

வேலை இப்படிப் போகும். முதலில் மூல உரு. மரத்திலோ தெர்மாகோலிலோ கிளைடரின் உடலைச் செதுக்கி, பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 80-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 1000 வரை போகும். முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு வந்ததும் மெழுகு பூசி, நடுவில் பலகை கட்டி, ஒரு பக்கத்துக்கு ரெசினும் கண்ணாடி இழைத்துணியும் அடுக்க வேண்டும். அது இறுகியதும் மறுபக்கம். பிரித்தால் இடது, வலது என்று இரண்டு குழிந்த ஓடுகள். அதுதான் அச்சு. சித்திரை வெயிலில் ரெசின் கலந்த சில நிமிடங்களில் கப்பிலேயே சூடாகிக் கட்டியாகிவிடும். நான் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலை செய்தேன். மூல உருவுக்கே மூன்று மாதம் ஆனது. அச்சு வந்தபின் ஒரு உடல் எடுக்க ஒரு வார இறுதி போதும்.

முதல் மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தேன், பொருள் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு. மூன்றாவது, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பிக்குப் போனது. இறக்கை முழுவதையும் அவனே செய்தான். ஆடிக்காற்று தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறுமலை தெரியும் ஒரு வறண்ட குளத்தில் பறக்கவிட்டான். கிளைடர் பத்து நிமிடம் நன்றாகத்தான் மிதந்தது. இறக்குவதற்காக மெதுவாகத் திருப்பியபோது ஒரு பக்க இறக்கை சட்டென்று சரிந்து, மூக்கு நேராக மண்ணில் குத்தியது.

"என் கைதான்ணே. வேகத்தை ரொம்பக் குறைச்சுட்டேன்" என்றான். நான் தோளைத் தட்டினேன். எல்லோரும் ஒரு தடவை விழுந்து எழுந்தவர்கள்தான் என்றேன்.

மூன்று வாரம் கழித்து எனக்கென்று நான்காவதை எடுத்தேன். இறக்கை உட்காரும் இடங்களைக் கோணமானியில் வைத்துப் பார்த்தேன். வலதைவிட இடது ஒரு டிகிரி அதிகம். மூல உருவில் அந்தப் பகுதியை ஒட்டியபோது, பசை காயும் முன் நகர்ந்திருக்க வேண்டும். நான் திரும்ப அளக்கவில்லை. வழவழப்பாக இருந்ததால் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

ஒரு டிகிரி கண்ணுக்குத் தெரியாது. வேகமாகப் பறக்கும்போது ரிமோட்டில் சின்னத் திருத்தம் போட்டால் மறைந்துவிடும். ஆனால் வேகம் குறையக் குறைய, இரண்டு இறக்கைகளும் ஒரே நேரத்தில் தாங்கும் சக்தியை இழக்காது. ஒன்று முன்னால் கைவிடும்.

நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் மோசமானவை அல்ல. விபத்துக்குக் காரணம் அச்சுதான் என்று யார் சொன்னது? காற்று இருந்தது, அவன் புதியவன், இறக்கையை அவன்தான் செய்தான். நான் லாபம் வைத்து விற்கவில்லை. வாங்கியவன் பூட்டுமுன் அளந்து பார்த்திருக்கலாம்.

கடைசி நியாயம்தான் முதலில் உடைந்தது, அதுவும் ஒரு பூட்டுப் பட்டறையில். நாகல்நகரில் ஒரு பெரியவரிடம் வீட்டுப் பூட்டைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் ராவி, ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி செய்வதுதான் அதன் பெருமை. பேச்சுவாக்கில் கேட்டேன், "ஒரு சாவி தப்பித்தவறி இன்னொரு பூட்டையும் திறந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"தொறந்தா என் தப்பு தம்பி. வாங்குனவன் ஊர்ல இருக்குற சாவியை எல்லாம் போட்டுப் பாத்துட்டா வாங்குவான்?"

அளந்து பார்க்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதுதான் அச்சு தரும் வாக்கு. அந்த நம்பிக்கையில்தான் அவன் என்னிடம் வாங்கினான். அளக்காததை அவன் குறையாக்குவது எப்படி நியாயம்?

சுவாமிமலையில் வெண்கலச் சிலைக்கு மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, கடைசியில் அந்த மண் அச்சை உடைத்துவிடுவார்கள். கை தவறினால் அந்தத் தவறு அந்த ஒரு சிலையோடு போயிற்று. என் அச்சு உடைவதில்லை. ஒருநாள் விடிகாலைத் தூக்கக் கலக்கத்தில் செய்த தவறை ஒவ்வொரு வார இறுதியிலும் அது புதிதாகச் செய்துகொண்டிருந்தது. என் பிழைப்பான மென்பொருளிலும் இதே கதைதான். ஆனால் அங்கே திருத்தத்தை இரவோடு இரவாக எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். குளத்து மண்ணில் கிடக்கும் ஃபைபருக்கு எதை அனுப்புவது?

ஆனால் என்னை உறுத்தியது உடைந்த விமானம் அல்ல. அந்தத் தம்பி தன் கையைச் சந்தேகப்பட்டதுதான். அதன்பிறகு அவன் குளத்துப் பக்கம் வரவில்லை. "எனக்கு இது வராதுண்ணே" என்று ஒரு முறை சொன்னான். அச்சின் கோணல் அச்சுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. அவர் தன்னைத்தான் கோணல் என்று நினைத்துக்கொள்வார். எங்கள் தலைமுறையில் பொறியியல் கல்லூரி என்ற அச்சில் எத்தனை பேர் வார்க்கப்பட்டோம். நான் ஏதோ தப்பித்தேன். அரியர்களோடு நின்றுபோன நண்பர்கள் இன்றும் "எனக்கு மண்டை பத்தலடா" என்றுதான் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வேறு எதையாவது சந்தேகிக்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பெரியவரைப் பார்த்த அன்று இரவே மூன்று பேருக்கும் ஃபோன் செய்தேன். இருவர் சிரித்தார்கள், இறக்கைக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்வதாகச் சொன்னார்கள். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ நான் சரியாத்தான் ஓட்டுனேனாண்ணே?"

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அது இன்னொரு பொய்யாகியிருக்கும். அன்றே சொல்லியிருந்தால் உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து அளந்திருக்கலாம், ரிமோட்டில் அவன் போட்டிருந்த திருத்தத்தைப் பார்த்திருக்கலாம். துண்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. ரிமோட்டையும் அவன் விற்றுவிட்டான். உண்மையை நான் தாமதமாகச் சொன்னேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வழியே போய்விட்டது.

"தெரியலை தம்பி. தெரிஞ்சுக்க முடியாமப் பண்ணிட்டேன்" என்றேன்.

அச்சை உடைக்கவில்லை. இடது ஓட்டில் அந்த இடத்தை மட்டும் அறுத்து, மீண்டும் அளந்து, புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் எடுக்கும் முதல் உடல் அவனுக்கு. வாங்கிக்கொள்வானா என்று இன்னும் கேட்கவில்லை.