அதே குரல்தான்

ஆடி மாசம் கோரிப்பாளையத்திலிருந்து செல்லூர் பக்கம் நடந்தால் ஒவ்வொரு முக்குக்கும் ஒரு மைக் செட். முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, அதற்கடுத்து எல்.ஆர்.ஈஸ்வரி. இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மாறுவதும் இல்லை. ஆவணியில் அதே மைக் செட் ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போகும். சாப்பாட்டுப் பந்தி முடிந்து பெரியவர்கள் கொஞ்சம் அசந்த நேரத்தில் 'எலந்தப்பழம்' ஓடும். அதுவும் ஈஸ்வரிதான்.

"அந்தம்மா முதல்ல ஒரு மாதிரி பாட்டா பாடுச்சு, அப்புறம் அம்மன் பாட்டுக்கு வந்துருச்சு" என்பார்கள். இந்த வாக்கியத்தை நான் பல வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் திட்டுவதாக நினைப்பதில்லை, பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்தப் பாராட்டுதான். 'வந்துருச்சு' என்றால் எங்கிருந்து?

1964இல் வந்த 'கருப்புப் பணம்' படத்தில் ஈஸ்வரி பாடிய கிளப் பாட்டை எழுதியவர் கண்ணதாசன். படத்தில் நடித்தவரும் அவரே. 1968இல் 'பணமா பாசமா' எலந்தப்பழத்தை எழுதியவரும் கண்ணதாசன், இசை கே.வி.மகாதேவன். பின்னாளில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதியதும் அதே கண்ணதாசன்தான். அவரைப் பற்றிப் பேசும்போது 'எல்லாத் துறையிலும் கைவைத்த கவிஞன்' என்கிறோம். மகாதேவன் 'திருவிளையாடல்' படத்துக்கும் இசையமைத்தார், அது அவருடைய வீச்சு. ஒரே பாட்டில் மூன்று பேர் வேலை செய்தார்கள். இரண்டு பேருக்கு அது மேதைமையின் ஒரு முகம். மூன்றாவது ஆளுக்கு மட்டும் அது கடந்து வரவேண்டிய சேறு.

அந்தப் பாட்டுகள் எல்லாமே நல்ல பாட்டுகள் என்று வாதாட வரவில்லை. சிலது மலிவானவைதான், பெண்ணைப் பண்டமாக்கி விற்றவைதான். ஆனால் குற்றம் என்று ஒன்று இருந்தால் அதைப் பங்கு வைக்கவேண்டாமா? எழுதினவன், மெட்டுப் போட்டவன், காசு போட்டவன், விசிலடித்தவன் எல்லாரும் கை கழுவிக்கொண்டு போக, குரல் கொடுத்தவள் தலையில் மட்டும் மொத்தக் கணக்கையும் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கணக்கு நம்மூரில் மட்டும் எழுதப்பட்டதல்ல. பூகி-வூகி என்றொரு பியானோ இசை உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் மரவெட்டி முகாம்களிலும் மலிவான சாராயக் கடைகளிலும் வளர்த்தது. இடது கை ரயில் சக்கரம் மாதிரி ஒரே உருட்டலைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். வலது கை அதன் மேல் இஷ்டத்துக்கு ஓடும். 1928இல் பைன்டாப் ஸ்மித் பதிவு செய்த இசைத்தட்டில்தான் அந்தப் பெயர் பரவியது. 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீட் ஜான்சன் மூவரும் வாசித்த கச்சேரியோடு அது 'பெரிய மனுஷங்க' இசையானது. சுருக்கமாகச் சொல்லப்படும் வரலாற்றில் இந்த ஆண்கள்தான் வருவார்கள்.

அந்தக் கச்சேரிக்கு மூன்று வருடம் முன்பே, 1935இல், கிளியோ பிரவுன் என்ற பெண் பைன்டாப்பின் அதே உருப்படியை டெக்கா கம்பெனிக்கு வாசித்துப் பதிவு செய்துவிட்டார். மிசிசிப்பியில் பிறந்தவர், ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகள். தேவாலயத்து வீட்டிலிருந்து சாராயக் கடைப் பியானோவுக்கு ஒரு பெண் போவது என்றால் என்ன என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவருடைய இடது கை அவ்வளவு சீரானது, அவ்வளவு வேகம். 1950களில் அவர் ஞானஸ்நானம் பெற்றார், கேளிக்கை விடுதிகளை விட்டார், செவிலியர் வேலைக்குப் போனார். பிறகு தேவாலயத்துக்கு மட்டும் வாசித்தார். பியானோ கலைஞர் மரியன் மெக்பார்ட்லாந்து 1980களில் அவரைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடியும் ஒலிவாங்கி முன் உட்கார வைத்தார்.

இங்கேதான் என் வாதம் எனக்கே கொஞ்சம் சிக்கலாகிறது. ஈஸ்வரியைப் பற்றி 'வந்துருச்சு' என்று சொல்வது மற்றவர்கள். கிளியோ பிரவுன் விஷயத்தில் விலகியது அவரே. தான் வாசித்த இசையை ஒருவரே வேண்டாம் என்று வைத்துவிட்டால், 'இல்லம்மா, அது தப்பில்லை, உங்களை அப்படி நினைக்க வச்சுட்டாங்க' என்று சொல்ல நான் யார்? அப்படிச் சொன்னால் அவருடைய நம்பிக்கையை நான் நோயாக்கிவிடுகிறேன். அறுபது வருடம் கழித்துப் பிறந்தவனின் திமிர் அது. சரி, சொல்லாமல் விட்டால்? அவர் கைவிட்ட ஒன்றை ஹெட்போனில் போட்டு ரசித்துக்கொண்டு, அவர் கைவிட்டது நியாயம்தான் என்றும் தலையாட்டினால், விசிலடித்துவிட்டுப் பூசைக்குப் போகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நான் இப்படி யோசிக்கிறேன். ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி எடுக்கும் முடிவு அவருடையது, அதற்குக் காரணம் கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்து, அதே வேலையைச் செய்யும் இன்னொரு பெண்ணை அளக்கும் படியாக்குவதற்கும் யாருக்கும் உரிமையில்லை. 'பார், அவளே விட்டுட்டா' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் விட்டவளுக்கும் துரோகம், விடாதவளுக்கும் துரோகம். துறவு துறந்தவரோடு முடிந்துவிடவேண்டும்.

விடாதவர்களும் இருந்தார்கள். டிரினிடாடிலிருந்து லண்டனுக்குப் போன வினிஃப்ரெட் அட்வெல் மேடையில் இரண்டு பியானோ வைத்திருப்பார். ஒன்று பளபளக்கும் பெரிய கச்சேரிப் பியானோ. இன்னொன்று பேட்டர்சீயில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது, சுருதி கோணலானது. அதை 'என்னோட இன்னொரு பியானோ' என்றே அழைப்பார். முதலில் உயர்ந்த சங்கீதம், பிறகு எழுந்துபோய் அந்த ஓட்டைப் பியானோவில் பூகியும் ராக்டைமும். 1954இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அந்த இடத்தைக் கொடுத்தது ஓட்டைப் பியானோ பாணி இசைதான். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு 'வந்ததாக' அவர் கதை சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நாலு எட்டுதான், நடந்துபோய் உட்கார்ந்தார்.

நம்மிடம் அந்த நாலு எட்டுக்கு ஒரு ஆயுளே ஆகிறது. வைகைக்குத் தெற்கே, மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் 1916இல் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியைப் பாருங்கள். பாட்டி வயலின், அம்மா சண்முகவடிவு வீணை. தேவதாசி மரபில் வந்த மூன்று தலைமுறைப் பெண்களின் இசை அது. அதை ஊர் கும்பிட்டது, ஆனால் அந்த வீட்டை மறந்த பிறகுதான் கும்பிட்டது. எம்.எஸ். புகழில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் புகழுக்குள் சண்முகவடிவு எவ்வளவு சின்னதாகிவிட்டார் என்பதில்தான் குறை.

ஈஸ்வரியிடம் திரும்பினால், அவர் எதையும் மறைக்கவில்லை என்பது ஆச்சரியம். லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயரில்தான் அந்த எல்.ஆர். இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், கோரஸ் பாடிய அம்மாவின் மகள். அம்மன் பாட்டுக்காகக் குரலை மெலிய வைக்கவோ, குழைய வைக்கவோ இல்லை. கிளப் பாட்டில் எந்தத் தொண்டையைத் திறந்தாரோ அதையே திறந்தார். பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது அடக்கமான குரல் எடுபடாது, சாமி இறங்க வேண்டுமென்றால் கூச்சமில்லாத குரல் வேண்டும். மாரியம்மனே அடக்கமான தெய்வம் இல்லையே! 2011இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 'ஒஸ்தி' படத்தில் 'கலாசலா' பாடினார். 'வந்துருச்சு' என்று சொன்னவர்களிடம் இதற்கு வாக்கியம் இல்லை. திரும்பிப் போய்விட்டார் என்பதா?

கிளியோ பிரவுனின் 1935 பதிவு மூன்று நிமிடம்தான், இணையத்தில் கிடைக்கிறது. முதல் தடவை இடது கையை மட்டும் கேளுங்கள். வலது கை உங்களை இழுக்கும், போகாதீர்கள். ரெண்டாவது தடவை போகலாம்.