நிகழாததற்கு ஒரு விருது

ஆராய்ச்சி நெறியிலும் பாதுகாப்பிலும் புதுமை செய்தவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் விருது வழங்குவது இன்று வழக்கத்துக்கு வந்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை ரயில் பாதையை ஒட்டி வளர்ந்திருக்கும் கல்விக்கூடங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்க்கிறவனுக்கு, தரவரிசையும் விருதும் இல்லாமல் ஒரு பல்கலைக்கழகம் இனித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவே முடியாதோ என்று தோன்றும். அந்த வரிசையில் அறமும் ஓர் இனமாகச் சேர்வதை வரவேற்பதா, சந்தேகிப்பதா?

விருது என்பது செய்யப்பட்ட ஒரு காரியத்துக்கு உரியது. ஒரு நாவலுக்கு விருது தரலாம். நாவல் கண்முன் இருக்கிறது. தகுதி உண்டா இல்லையா என்று நாம் சண்டை போடலாம், போட்டுமிருக்கிறோம். எழுதியது சரியில்லை என்று ஒருவன் கிழித்துப்போட்ட நாவலுக்கு யாரும் விருது தந்ததில்லை. ஆராய்ச்சியில் பாதுகாப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வெடிக்காத குடுவை, நோயாளிக்குக் கொடுக்காமல் நிறுத்தப்பட்ட மருந்து, அனுமதி மறுக்கப்பட்ட பரிசோதனை. இவற்றின் விளைவு ஒன்றும் நிகழாமலிருப்பது. நிகழாததற்குச் சாட்சி கிடையாது.

ஃபிரான்ஸஸ் கெல்ஸியை எடுத்துக்காட்டி இதை மறுக்கலாம். 1960இல் தாலிடமைட் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கேட்டு வந்த விண்ணப்பத்தை, ஆதாரம் போதாது என்று மீண்டும் மீண்டும் நிறுத்திவைத்தவர் அவர். 1962இல் ஜனாதிபதி கென்னடி கையால் விருது பெற்றார். மறுப்புக்கும் விருது உண்டு என்பதற்கு இது உதாரணம்தானே? உண்மை. ஆனால் அந்த மறுப்பு எப்படிக் கண்ணுக்குத் தெரிய வந்தது என்று கேட்கவேண்டும். ஜெர்மனியிலும் பிற நாடுகளிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் ஊனத்துடன் பிறந்ததால் தெரிய வந்தது. எல்லா நாடுகளிலும் ஒரு கெல்ஸி இருந்து, எங்குமே அந்த மருந்து விற்பனைக்கு வராமல் போயிருந்தால், அவர்கள் அனைவரும் கோப்பைத் தாமதப்படுத்திய அதிகாரிகளாகவே ஓய்வு பெற்றிருப்பார்கள். அறம் முழுமையாக வென்ற இடத்தில் அதற்குத் தடயமில்லை. அது தோற்ற இடம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் விருதுக் குழுவுக்கு அது புலப்படுகிறது.

நம் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வட பகுதியில், திருவள்ளூரை ஒட்டிய கிராமங்களில், 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியும் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அதில் பங்கு கொண்டன. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். சிலருக்குத் தடுப்பு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி; யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை என்று 15 வருஷம் அந்த ஜனங்களைத் தேடிப்போய்ப் பரிசோதித்தார்கள்.

1979இல் வெளியான முதல் அறிக்கை, பெரியவர்களிடம் காணும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றது. 1999இல் வந்த 15 வருஷக் கணக்கும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளிடம் மட்டும் சொற்பமான பாதுகாப்பு தென்பட்டது. (சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வடிவங்களை அது தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது, அது வேறு விஷயம்.) 1948 முதல் கிண்டியில் தயாரித்து நாடெங்கும் போட்டுவந்த ஊசி அது. அதன் மேல் ஓர் அரசாங்கத்தின் நம்பிக்கையும் பல விஞ்ஞானிகளின் ஆயுளும் செலவாகியிருந்தன. அந்த நிலையில் ‘பயனில்லை’ என்று அச்சிட்டதுதான் இந்தச் சோதனையின் நெறி. இதில் புதுமை எங்கே இருக்கிறது? கண்டதைச் சொல்வது மிகப் பழைய காரியம்.

இன்னொன்றும் உண்டு. இதற்கு விருது தருவதென்றால் யாருக்குத் தருவது? ஆராய்ச்சித் திட்டத்தைத் தீட்டியவர்களுக்கா, அல்லது தனக்குப் போட்டது மருந்தா வெறும் நீரா என்று தெரியாமலே கையை நீட்டியவர்களுக்கா? சோதனையின் நெறிச்சுமையைத் தாங்கியவர்கள் இரண்டாமவர்கள். இந்தச் சோதனை பொருட்படுத்தத் தக்கதாக நின்றதே அவர்கள் இருந்ததால்தான். ஆராய்ச்சி நெறி என்பது அடிப்படையில் அவர்களுக்குப் பட்ட கடன். கடன்பட்டவன், தான் ஒழுங்காக வட்டி கட்டியதற்காகத் தனக்கே மாலை போட்டுக்கொள்வதில் ஒரு அபத்தம் இருக்கிறது.

அபத்தம் மட்டுமென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தீங்கும் இருக்கிறது. அறத்தை அளக்கத் தொடங்கியதும் அளவே அறமாகிவிடும் சுபாவம் ஸ்தாபனங்களுக்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. உடனே 9 சதவீதத்துக்குக் கொண்டுவருவது ஒரு கைத்தொழிலாகிறது. திருடக் கூடாது என்ற எண்ணம் எங்கோ நழுவிவிடுகிறது. ஆய்வுக்கு உட்படுகிறவரின் சம்மதமும் இப்படியே. புரியவைப்பது கடினம், கையெழுத்து வாங்குவது சுலபம். விருதுக் குழு முன் வைக்கக்கூடியது கையெழுத்துத்தான்.

பாதுகாப்பில் இது இன்னும் ஆபத்து. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எண்ணிக்கை எழுதித் தொங்கவிடும் தொழிற்சாலைப் பலகையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எண் பெருகப் பெருக, சிறு காயத்தை அறிவிக்கும் தொழிலாளி எல்லோருடைய கணக்கையும் கெடுத்தவனாகிறான். சோதனைச்சாலையில் அமிலம் தெறித்த மாணவியும் அப்படித்தான். அவள் வாய் திறந்தால் துறைக்கு வரவேண்டிய விருது போகும். சிறு விபத்துகள் மறைக்கப்பட்ட இடத்தில்தான் பெரிய விபத்து எச்சரிக்கையின்றி வருகிறது. ஆக, பாதுகாப்புக்குத் தரும் விருது பாதுகாப்பைக் குறைக்கவும் கூடும்.

அப்படியானால் விருதே வேண்டாமா? அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. அங்கீகாரம் சுத்தமாக இல்லாத இடத்தில், முடியாது என்று சொன்னவன் தனியாக நிற்கிறான். அவனுக்கு ஒரு துணை வேண்டும். விருது எதைத் தேடிப் போகிறது என்பதே விஷயம். தன் துறையில் நேர்ந்த தவறைத் தானே வெளிப்படுத்தியவரை, எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை அப்படியே அச்சிட்டவரை, செல்வாக்குள்ள பேராசிரியரின் திட்டத்தை எழுத்து மூலம் காரணம் சொல்லி நிராகரித்த நெறிக்குழுவை அது தேடிப் போகட்டும். இவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்பதால் விண்ணப்பம் கேட்காமலே போகவேண்டும். பரிசுப் பணம் கேடயத்துக்குச் செலவாகாமல், ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களின் நிதிக்குச் சேரட்டும். இப்படி ஒரு விருதை ஏற்படுத்தினால் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பலகைக்கு அது உதவாது; சில சமயம் அதன் மானத்தையும் வாங்கிவிடும். அதற்குச் சம்மதிக்கும் பல்கலைக்கழகம்தான் அதைக் கொடுக்கத் தகுதி உள்ளது.