எங்களைப் பற்றி என்ன தெரியும்?

சித்தி பையன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் செய்தான். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் லேப் கெமிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. பிஎஸ்சி கெமிஸ்ட்ரி முடித்து ஒன்றரை வருஷம் சும்மா இருந்தவன். “அண்ணா, ‘எங்க கம்பெனியைப் பத்தி என்ன தெரியும்’னு கண்டிப்பா கேப்பாங்களாம். என்ன சொல்லட்டும்?”

இதற்கெல்லாம் என்னிடம் ரெடிமேட் பதில் உண்டு. சென்னையில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன், மூன்று கம்பெனி மாறியிருக்கிறேன். வெப்சைட்டைத் திற, எந்த வருஷம் தொடங்கினார்கள், எந்தெந்த நாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று குறித்துக்கொள், கடைசியில் உன் படிப்பை அதோடு முடிச்சுப் போடு, ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதே. நான் சொல்லச் சொல்ல அவன் வெப்சைட்டைத் திறந்து சத்தமாக வாசித்தான். சுற்றுச்சூழல் மீது அக்கறை, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போவதில்லை என்று ஒரு பத்தி. பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

“ஏன்டா?”

“ஆயா வீட்டுக் கிணறு ஞாபகம் வந்துச்சுணா.”

அந்தக் கிணறு எனக்கும் தெரியும். கோடை லீவில் போவோம். தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும், துணிக்குப் போட்டால் சோப்பு நுரைக்காது. குடிக்க டேங்கர் தண்ணீர்தான். கிணற்றை ஒட்டியிருந்த தென்னைகள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போயின. அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டரில் இந்தக் கம்பெனி இருக்கிறது. அதற்காக, கிணற்றைக் கெடுத்தது இவர்கள்தான் என்று சொல்லிவிட முடியாது. பாலாற்றுக் கரை நெடுக டேனரிகள். யார் விட்ட உப்பு யார் கிணற்றில் இறங்கியது என்று எப்படிப் பிரிப்பது? பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு போகிறது. பதனிடும் குரோமியத்தையாவது ரசாயனம் போட்டு வண்டலாகப் படியவைத்து எடுத்துவிடலாம். கரைந்த உப்பை அப்படி எடுக்க முடியாது. இதைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

இந்தப் பகுதியின் கதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது அதில்தான். அப்போது ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள்.

ஆக, “எங்களைப் பற்றி என்ன தெரியும்” என்ற கேள்விக்கு அவனிடம் இருபத்திரண்டு வருஷத்துப் பதில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வெப்சைட்டில் இருப்பதை ஒப்பிக்கத்தான் நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது.

இது பொய்யா? காண்ட் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைக்கூட யோசித்திருக்கிறார். கடிதத்தின் முடிவில் ‘தங்கள் பணிவுள்ள ஊழியன்’ என்று எழுதுகிறோமே, அது பொய்யாகுமா என்று 1797-ல் எழுதிய அறவியல் புத்தகத்தில் ஒரு கேள்வி போடுகிறார். அதைப் படித்து யாரும் ஏமாறுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இன்டர்வியூவும் அப்படித்தானே? மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் இந்தப் பையன் தோல் மேல் காதல் கொண்டு வரவில்லை என்று தெரியும். ரெண்டு பேரும் தெரிந்தே ஆடும் ஆட்டம்.

இதைவிட அவர் வாழ்க்கையில் நடந்த ஒன்று எனக்கு நெருக்கமாகப் படுகிறது. 1794-ல் பிரஷ்ய அரசரிடமிருந்து அவருக்கு மிரட்டல் கடிதம் வந்தது. மதத்தைப் பற்றி இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் விளைவுகளைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று. காண்டுக்கு அப்போது எழுபது வயது, அரசரின் பல்கலைக்கழகத்தில் வேலை. ‘மாட்சிமை தங்கிய தங்களின் விசுவாசமுள்ள குடிமகனாக’ இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று பதில் எழுதினார். 1797-ல் அந்த அரசர் செத்ததும் அடுத்த வருஷமே மதத்தைப் பற்றி மறுபடி புத்தகம் போட்டார். நான் அவருடைய குடிமகனாக என்றுதானே சொன்னேன், அவர்தான் இப்போது இல்லையே என்று விளக்கம் வேறு! சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், எல்லா உண்மையையும் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது அவர் கட்சி. கொஞ்சம் தந்திரம்தான். ஆனால் எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருஷம் கழித்தும் மறக்கவில்லை.

நான் மறந்துவிட்டேன். என் முதல் வேலைக்கு ஏன் போனேன் என்று யாராவது கேட்டால், அன்றைக்கு இன்டர்வியூவில் சொன்ன பதில்தான் இப்போதும் முதலில் வாயில் வருகிறது. வளரும் துறை, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, இத்யாதி. அக்கா கல்யாணக் கடனுக்கு மாசாமாசம் வட்டி கட்ட வேண்டியிருந்தது என்பதை யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொன்ன வாக்கியம் மனசில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு எதிரில் இருந்தவர் ஏமாந்திருக்க மாட்டார். இவனுக்கும் அப்படி ஆகி, பத்து வருஷம் கழித்து, “அந்தத் தண்ணி எப்பவுமே அப்படித்தான்” என்று சொல்வானோ என்று பயமாக இருந்தது.

நம்மிடம் ஆற்றுப்படை என்று ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் பாதி அதுதான். பரிசில் வாங்கித் திரும்பும் கலைஞன், எதிரே வருகிற ஏழைக் கலைஞனிடம் எந்த வழியில் போகலாம், வழியில் என்ன சாப்பாடு கிடைக்கும், அந்த வள்ளல் எப்படிப்பட்டவர் என்று சொல்லி அனுப்புவான். வேலை தேடுகிறவனுக்கு உள்ளே போய் வந்தவன் கொடுக்கும் தகவல். புகழ்ச்சி எக்கச்சக்கம், இருந்தாலும் சாப்பிட்டவன் சொல்கிற புகழ்ச்சி. இன்றைக்கு வள்ளலே தன்னைப் பற்றி ஆற்றுப்படை எழுதி வெப்சைட்டில் போட்டுவிடுகிறார்.

மறுநாள் நானே கூப்பிட்டேன். “தம்பி, நேத்து சொன்னதை விடு. உள்ள வேலை செஞ்சவங்க யாரையாவது கேளு.” சிரித்தான். “அம்மாவே இருக்காங்களே.” உண்மைதான். சித்தி பதினாலு வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் இருந்தவர். அவன் காலேஜ் ஃபீஸ் அந்தச் சம்பளம்தான். கிணற்றைக் கெடுத்த தொழிலும் ஃபீஸ் கட்டிய தொழிலும் ஒன்றே. இதில் எதை மட்டும் எடுத்து வைத்தாலும் அவனுக்குத் தெரிந்ததில் பாதி போய்விடும்.

அவனே யோசித்து ஒரு கேள்வி வைத்திருந்தான். கழிவுநீரைக் காய்ச்சி வடித்தபிறகு மிஞ்சுகிற கலப்பு உப்பை வாங்க ஆள் கிடையாது, மூட்டை மூட்டையாகத் தேங்கும். அதை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பானாம். லேபுக்கு வருகிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். அவனுக்கு மட்டும் அதில் ஆயா வீட்டுக் கிணறும் இருக்கிறது. ஸ்பீக்கரில் சித்தி கத்தினார்: “வேலை கேக்கப் போறியா, கேள்வி கேக்கப் போறியா?”

எனக்கும் பதில் தெரியவில்லை. வேலை போய்விட்டால் நான் சம்பளம் கொடுக்கப் போவதில்லை. “உன் இஷ்டம்டா” என்றேன். அதைச் சொல்வது எனக்கு ரொம்பச் சுலபம்.

இன்டர்வியூவில் கம்பெனியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையாம். டைட்ரேஷனில் ரெண்டு கேள்வி, நைட் ஷிஃப்ட் ஓகேவா, பைக் இருக்கா. கடைசியில், “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றிருக்கிறார்கள். கேட்டுவிட்டான். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, “தம்பிக்கு எந்த ஊரு?” என்றாராம். சொன்னான். “ஷெட்டுல அடுக்கி வெச்சிருக்கோம், தம்பி. வந்து பாரு.”

ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா என்று அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். சித்தி டிபன் பாக்ஸ் வாங்கிவிட்டார்.