ஆள் வராங்க

'ஆள் வராங்க' என்ற இரண்டு வார்த்தைக்கு ரயில்வே சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. ஆனால் காலையில் அரக்கோணத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பும் மின்சார ரயிலில், அந்த வார்த்தையை மீறி உட்கார்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜன்னலோரம் ஒரு கைக்குட்டை கிடக்கும். "இங்க யாராவது இருக்காங்களா சார்?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்து இருக்கைக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ஆள் வராங்க" என்பார். கேட்டவர் நகர்ந்துபோய்க் கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லாம் மரியாதையாகவே முடிந்துவிட்டது. இந்த மரியாதைக்குள் ஓர் அநியாயம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். எங்கள் ஊரில் இது விஷயம்தான். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. சென்னை இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். லோக்கலில் போனால் ஒருவழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டி இங்கேயே புறப்பட்டால் நமக்கு உட்கார இடம் கிடைக்கும். திருவாலங்காட்டிலோ கடம்பத்தூரிலோ ஏறுபவருக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. கையில் வைத்திருப்பது அதே சீசன் டிக்கெட்தான். அது பயணம் செய்யும் உரிமையைத் தருகிறது, இருக்கையை யாருக்கும் தருவதில்லை. ஆக, திருவள்ளூரில் ஏறப்போகும் நண்பனுக்காக அரக்கோணத்தில் விழும் கைக்குட்டை, நடுவில் ஏறும் ஒருவரை நிற்க வைக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள், வருடக்கணக்கில்.

பொது இடத்தில் ஓர் இருக்கை எப்போது 'என்னுடையது' ஆகிறது? பழைய கேள்வி இது. கி.மு. 45இல் எழுதிய ஒரு நூலில் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ நாடக அரங்கை உதாரணம் காட்டுகிறார். அரங்கு எல்லோருக்கும் பொது. ஆனாலும் ஒருவர் போய் உட்கார்ந்த இடத்தை அவருடைய இடம் என்று சொல்வது சரிதான் என்பது அந்த வாதம். சொத்துரிமைக்கு அதையே நியாயமாகவும் வைக்கிறார். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆயர் பசிலியார் அதே அரங்கைக் காட்டி நேரெதிராகப் பேசினார். முதலில் வந்துவிட்டோம் என்பதற்காகப் பின்னால் வருகிறவர்களைத் தடுத்து, பொதுவானதைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறவன்தான் பணக்காரன் என்றார்.

நம் கைக்குட்டை இந்த இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. ஒருவர் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கும்போது துண்டைப் போட்டுவிட்டுப் போனால் அது சிசரோ கணக்கில் சேரும். அந்த உடம்பு அங்கே இருந்தது, இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடும். படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருக்கும் நண்பனுக்காகப் பிடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னும் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்காக, ஐந்தாறு ஸ்டேஷன் தள்ளிப் பிடித்து வைத்தால் அது பசிலியார் பக்கம் போய்விடுகிறது. சில இடங்களில் கைக்குட்டையே தேவைப்படுவதில்லை. "அது அண்ணன் சீட்டு" என்று பெட்டிக்கே தெரியும்.

இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் என்றால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். அப்படி இல்லை. மடியில் பையை வைத்து அதன்மேல் சீட்டு விளையாடும் நாலு பேர், பஜனை பாடிக்கொண்டே போகிறவர்கள், கிரிக்கெட்டை மட்டுமே பேசுகிறவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் ஏதாவது ஓர் ஆர்வத்தைச் சுற்றித்தான் உருவாகிறது. ஆபீசில் அவர்கள் வெறும் கிளார்க், வீட்டில் வெறும் அப்பா. ரயிலில்தான் அவர்கள் துருப்பு எண்ணத் தெரிந்த ஆட்டக்காரர், சுதி பிசகாமல் பாடுகிறவர். இரண்டு நாள் ஒருவர் வரவில்லை என்றால் போன் போகும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூட்டமாகப் போய் நிற்பார்கள். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தண்டவாளத்தில் கழிகிற வாழ்க்கையில் இந்தச் சிநேகம் சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் அந்தக் கைக்குட்டையின் அநியாயம் கண்ணில் படுவதில்லை. தனக்காக இரண்டு இருக்கை பிடித்தால் கூச்சம் வரும். நண்பனுக்காகப் பிடிக்கும்போது அது தியாகம் மாதிரி இருக்கிறது. பேராசையைக் கண்டிக்க நமக்குப் பழமொழி நிறைய இருக்கிறது. அன்பினால் செய்யப்படும் அபகரிப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வேலைக்குச் சிபாரிசு, ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம் டோக்கன் எல்லாமே 'நம்மாளு' என்ற அதே நல்ல மனசிலிருந்து வருகிறவைதான். அதற்கான விலையைக் கொடுப்பவர் நமக்குப் பெயர் தெரியாதவர்.

நிற்பவர் கேட்க வேண்டியதுதானே என்று சொல்லலாம். 1970களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நியூயார்க் சுரங்க ரயிலில் தன் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். உட்கார்ந்திருக்கும் அந்நியரிடம் போய்க் காரணம் எதுவும் சொல்லாமல், உங்கள் இருக்கையைத் தர முடியுமா என்று கேட்க வேண்டும். 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். அதைவிட முக்கியமானது கேட்டவர்கள் பட்ட பாடு. மில்கிராமே கேட்கப் போனபோது வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இடம் கிடைத்து உட்கார்ந்ததும், கேட்டதை நியாயப்படுத்த வேண்டும் என்ற உந்துதலில் தலை தானாகக் கவிழ்ந்து, முகம் வெளிறி, நோயாளி போல ஆகிவிட்டார்.

அங்கே கேட்டவர் மற்றவருடைய இடத்தைக் கேட்டார். நம் ரயிலில் நிற்பவர் கேட்பது காலியாகக் கிடக்கும் இடத்தை. உரிமை அவர் பக்கம் இருக்கிறது. ஆனாலும் வெட்கப்படுவது அவர்தான். கைக்குட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தால் நாலு ஜோடிக் கண்கள் அவரைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். இடம் போவதைவிட மோசமானது, குற்ற உணர்வு ஆள் மாறி உட்கார்ந்துவிடுவதுதான்.

உட்காருவது நம் ஊரில் வெறும் உடம்பு விஷயமாக இருந்ததில்லை. யார் திண்ணையில் உட்காரலாம், யார் எதிரில் யார் நிற்க வேண்டும் என்பதில் ஒரு சமூகமே எழுதப்பட்டிருந்தது. ரயில் நிலைய உணவகங்களில்கூட ஒரு காலத்தில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். ஆனால் பெட்டிக்குள் டிக்கெட் வாங்கிய எவரும் எவர் பக்கத்திலும் உட்காரலாம் என்று ஆனது பெரிய காரியம். கைக்குட்டை அந்தப் பழைய கொடுமைக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே 'இது உனக்கில்லை' என்று கேட்டுப் பழகிய ஒருவருக்கு, அந்த இரண்டு வார்த்தை மற்றவர்களுக்குக் கேட்பதுபோலக் கேட்காது.

அப்படியென்றால் கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டுமா? வேண்டாம். சிகாகோவில் நிகோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ரயிலில் அந்நியரோடு பேசினால் பயணம் மோசமாகும் என்றுதான் மக்கள் கணித்தார்கள். உண்மையில் பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. எந்தக் கூட்டமும் முதலில் அந்நியர்களாக இருந்தவர்களால் ஆனதுதான். இன்றைக்கு 'அண்ணன் சீட்டு' என்று சொல்லப்படும் இடத்தில் என்றோ ஒருநாள் அந்த அண்ணன் தெரியாத ஆளாக வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று கேட்டிருப்பார். யாரோ தள்ளியிருப்பார்கள்.

தமிழ்நாட்டு ரயிலின் உண்மையான அறம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. மூன்று பேர் இடத்தில் நாலாவது ஆள். திருவள்ளூர் நண்பனுக்கும் அதுவே போதும். அவர் ஏறியதும் யாராவது நகரலாம், அல்லது ஒருவர் எழுந்து அவரை உட்கார வைக்கலாம். அப்போது நட்பின் விலையை நண்பர்களே கொடுக்கிறார்கள். அதுவரை அந்த இடத்தில் கடம்பத்தூர்க்காரர் உட்கார்ந்திருக்கட்டும். நாம் யாரோ ஓர் ஆள் வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எதிரில் நிற்பவரும் ஆள்தான். அவர் வந்தேவிட்டார்.