சொன்ன சொல்லும் ஓடிய நேரமும்

அறவியல் வினாக்களை ஆராய்வோர் தம் எடுத்துக்காட்டுகளை அரசு, சமயம், குடும்பம் என்பனவற்றிலிருந்தே பெரும்பாலும் தெரிந்தெடுப்பர். எஞ்சினின் இரைச்சலும் ரயரின் புகையும் நிறைந்த மோட்டர் ஓட்டக்களத்தை எவரும் இதன்பொருட்டு நாடுவதில்லை. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றி வளர்ந்த ஓர் ஓட்டமுறை, மேன்மை என்பது யாது, வாக்குத் தவறாமை என்பது யாது, அவையிரண்டும் முரணுமிடத்து எதனைத் தெரிதல் வேண்டும் என்னும் வினாக்களைக் கூர்மையாக எழுப்புகின்றது. எனவே அது சிந்தனைக்குரியதாகின்றது.

டிராக் ஓட்டம் என்பது இரண்டு வாகனங்கள் அசையா நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்ப்பாதையிலே குறித்த தூரத்தை, வழக்கமாகக் கால் மைலை, அதாவது 1320 அடியை, ஓடி முடிக்கும் போட்டியாகும். தெருக்களிலும் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளிலும் இளைஞர் நடத்திய ஓட்டங்களை ஒழுங்குக்குட்படுத்தும் நோக்குடன் 1951இல் வோலி பார்க்ஸ் என்பார் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவினார். தொடக்கத்திலே கொடியசைத்து ஓட்டங்களை ஆரம்பித்தனர். 1963இல் விளக்குக் கம்பம் அறிமுகமாயிற்று. மஞ்சள் விளக்குகள் அரைச் செக்கன் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, இறுதியிற் பச்சை விளக்கு எரியும். இதனால் தொடக்கத்தில் நிகழக்கூடிய ஐயங்கள் பெரிதும் நீங்கின. ஆனால் வேறொரு நியாயமின்மை எஞ்சியது. வேகமே ஒரே அளவுகோலாயின், வலிமைமிக்க எஞ்சினை வாங்க வல்லவனே வெல்வான். வேலைக்குச் சென்றுவரும் காரையே களத்திற்குக் கொண்டுவரும் சாதாரண உழைப்பாளிக்கு அங்கே இடமில்லை.

1970களிலே பரவிய முன்னறிவிப்பு ஓட்டமுறை இக்குறைக்கு ஒரு பரிகாரமாக அமைந்தது. இம்முறையிலே ஒவ்வொரு சாரதியும் தன் வாகனம் அத்தூரத்தை எத்தனை செக்கனில் ஓடும் என்பதை ஓட்டத்திற்கு முன்னரே அறிவித்து, அவ்வெண்ணைக் காரின் கண்ணாடியில் எழுதிவிடுதல் வேண்டும். ஒருவன் 14.20 செக்கன் என்றும் மற்றவன் 12.70 செக்கன் என்றும் அறிவிப்பாராயின், மெதுவான காருக்குப் பச்சை விளக்கு ஒன்றரைச் செக்கன் முன்னதாக எரியும். இருவரும் ஒரே விரைவுடன் விளக்குக்குத் துலங்கி, சொன்னபடியே ஓடினால் இருவரும் ஒரே கணத்தில் எல்லையை அடைவர். விளக்கு எரியுமுன் புறப்பட்டவன் தோற்பான். அது மட்டுமன்று, தான் அறிவித்த நேரத்திலும் விரைவாக ஓடியவனும் தோற்பான். இருவருமே அவ்வாறு ஓடினால், சொன்னதிலிருந்து குறைவாக விலகியவன் வெற்றி பெறுவான். ஆகவே விரைவாக ஓடுதல் அன்று, சொன்னவாறு ஓடுதலே இங்கு இலக்காகும்.

கையாற் கியர் மாற்றும் தெருக்காரிலே இவ்விலக்கை எய்துதல் எளிதன்று. புறப்படும்போது எஞ்சினின் சுழற்சி மிகுந்திருப்பின் சில்லுகள் வழுக்கிச் சுழலும்; குறைந்திருப்பின் எஞ்சின் திணறும். கிளச்சை விடும் கால், கியரை மாற்றும் கை, விளக்கை நோக்கும் கண் ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக இயங்குதல் வேண்டும். முதல் 60 அடியிலே இழந்த பத்திலொரு செக்கன் எல்லையை அடையும்போது அதனிலும் பெரிய இழப்பாக வளர்ந்திருக்கும். அடுத்தடுத்து ஓடுகையில் கிளச்சுச் சூடேறிப் பிடிப்பு மாறும். ரயரின் வெப்பத்துடன் அதன் காற்றமுக்கமும் உயரும். நண்பகலின் வெப்பக் காற்றிலே ஒட்சிசன் குறைவாதலால் எஞ்சின் சோரும். மாலைக் குளிரிலே அதே எஞ்சின் உரம் பெறும். எரிபொருளின் பாரமும் எதிர்க்காற்றும் தத்தம் பங்கைச் செலுத்தும். இவற்றை அறிந்த சாரதி, காரைத் தொடக்கக் கோட்டில் எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்துகிறான். ரயரின் அமுக்கத்தை அளக்கிறான். எஞ்சின் ஆறுவதற்கு ஒரே அளவான நேரம் கொடுக்கிறான். உணர்ச்சியை நம்பாது சுழற்சிமானியின் ஒரே எண்ணிற் கியரை மாற்றுகிறான். ஒவ்வோர் ஓட்டத்தின் விபரத்தையும் குறிப்பேட்டில் எழுதுகிறான். இவை யாவற்றிற்கும் மேலாக, தன் காரின் உச்ச ஆற்றலை நாடாது, மீண்டும் மீண்டும் எய்தக்கூடிய ஓர் அளவையே தெரிந்தெடுக்கிறான்.

இங்கேதான் முதலாவது வினா பிறக்கிறது. 14.20 என்று கூறி 14.15இல் ஓடியவன் கூறியதிலும் நன்றாகவே செய்தவன். அவனைத் தோல்வியுறச் செய்தல் திறமையைத் தண்டிப்பதாகாதா? மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வாதம் வலிமையுடையதாகவே தோன்றும். ஆயின் அவன் கூறிய எண் வெறும் எதிர்வுகூறல் அன்று. அவ்வெண்ணைக் காட்டியே அவன் தன் எதிரியிடமிருந்து முற்புறப்பாட்டைப் பெற்றுக்கொண்டான். அது ஒருவகைக் கடன். சொன்னதிலும் விரைவாக ஓடுதல், உரிய அளவிலும் கூடுதலாகக் கடன் பெற்றமைக்குச் சான்றாகும். எனவே விதி இங்கு தண்டிப்பது திறமையையன்று, பிழையான அளவையே.

எனினும் விதியின் நியாயம் வேறு, மனிதனின் குற்றம் வேறு என்பதை மறத்தலாகாது. திடீரெனக் காற்றுக் குளிர்ந்தமையால் விரைவாக ஓடிய நேர்மையாளனும், எதிரியை ஏமாற்றும் நோக்குடன் எண்ணைக் கூட்டிச் சொன்னவனும் விதியின் முன் ஒரே வகையாகவே தோற்பர். நேரங்காட்டும் கருவி செக்கனின் ஆயிரத்திலொரு பங்கையும் அளக்கும், உள்ளத்தை அளக்காது. ஆகவே தோற்றவன் யாவனும் பொய்யன் என்றோ, வென்றவன் யாவனும் மெய்யன் என்றோ கொள்வதற்கில்லை.

இதிலிருந்தே இரண்டாவது வினா எழுகிறது. 14.20இல் ஓட வல்லவன் 14.50 என்று வேண்டுமென்றே அறிவித்து, முற்புறப்பாட்டை மிகுதியாகப் பெற்று, எல்லையை அண்மிக்கையில் எதிரியைக் கவனித்துப் பிறேக்கை அழுத்தி, சொன்ன நேரத்திற்குட் செல்லாது வெல்லக்கூடும். இவ்வாறு செய்தல் பொதுவாக விதியை மீறுவதாகாது. எதிரி எவ்வளவு அண்மித்துள்ளான் என்பதைக் கணப்பொழுதிற் கணிக்கும் ஆற்றலும் அதற்கு வேண்டும். சீட்டாட்டத்திலே கையிலுள்ள சீட்டை மறைப்பவனைப் பொய்யன் என்று எவரும் கூறுவதில்லை. இதுவும் அதுபோன்றதே என்பர் சிலர். களத்திலுள்ள அனைவரும் இவ்வழக்கை அறிந்திருப்பின் அவர்தம் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் சீட்டாடுபவன் தன் சீட்டு இன்னதென்று அறிவிப்பதில்லை. இங்கோ சாரதி அறிவிக்கிறான். அவ்வறிவிப்பின் பெயராலேயே பயனும் பெறுகிறான். ஒருவனது செயலின் விதி எல்லாருக்கும் பொதுவிதியாகத் தக்கதோ என்று வினவும் ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற்றின் உரைகல்லிலே இதனை உரைத்துப் பார்க்கலாம். எல்லாச் சாரதிகளும் பொய்யெண்ணையே எழுதுவாராயின், எழுதப்பட்ட எண்ணுக்குப் பொருளில்லாது போம். எஞ்சுவது யார் பிறேக்கை நுட்பமாக அழுத்துவது என்னும் போட்டியே. பிறர் மெய் கூறுவர் என்னும் நம்பிக்கையிலேதான் இப்பொய் உயிர் வாழ்கிறது. வழக்கை அறியாத புதியவனே இதனால் முதலில் இழப்படைபவன். சாதாரண மனிதனுக்கு இடமளிக்கவென்று எழுந்த முறையிலே சாதாரண மனிதனே ஏமாற்றப்படுதல், அம்முறையின் நோக்கத்தையே அழிப்பதாகும்.

மூன்றாவது வினா இன்னும் ஆழமானது. மாறாத்தன்மை ஓர் அறமா? தானியங்கிக் கியரும், புறப்பாட்டைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் பொருத்திய கார், மனிதக் கையிலும் சீராக ஓட வல்லது. இப்பெட்டிகளைப் பயன்படுத்துவோருக்கெனத் தனிப்பிரிவுகளும் உள்ளன. மாறாத்தன்மையே அறமாயின், மனிதனிலும் பெட்டியே அறம் மிக்கது என்னும் விபரீத முடிவுக்கு வரநேரிடும். இச்சிக்கலைத் தீர்ப்பதற்கு அரிஸ்ரோட்டிலின் கருத்தொன்று துணைபுரிகிறது. கலையிலே விளைபொருள் நன்றாயிருத்தல் போதுமானது. அறத்திலோ அது போதாது. செய்பவன் அறிந்து செய்தல் வேண்டும், அச்செயலை அதன்பொருட்டே தெரிந்து செய்தல் வேண்டும், உறுதியான இயல்பிலிருந்து செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பெட்டி தருவது விளைபொருள் மட்டுமே. கையாற் கியர் மாற்றுபவனிடமோ, பலநூறு முறை பழகிய பழக்கமும், தன் தவறுகளைத் தானே குறித்துவைத்த அறிவும், உச்சத்தை நாடும் ஆசையை அடக்கிய தெரிவும் காணப்படுகின்றன. நேரத்திலே சிறிது குறைபட்டாலும், அவனது சீர்மை அவனுக்கே உரியது.

ஆயினும் இதனையும் அளவுக்கு மீறிப் போற்றுதல் தகாது. முன்னர்க் கண்ட பொய்யெண் எழுதுபவனும் நாள்தோறும் பயின்று, அறிந்து, உறுதியுடன்தான் ஏமாற்றுகிறான். அவனது கையும் காலும் பிசகுவதில்லை. சீர்மை ஒரு பாத்திரம் போன்றது. அதிலே வார்க்கப்படும் பொருளைக்கொண்டே அதன் மதிப்புத் தீர்மானிக்கப்படும். சொன்ன சொல் மெய்யாயிருக்கும்போது மட்டுமே அச்சொல்லில் வழுவாது நிற்றல் அறமாகின்றது.

எனின், மாறாத்தன்மை என்பது ஒருமுறை கூறியதை எஞ்ஞான்றும் பற்றிக்கொண்டிருத்தலா? அன்று. காலையிற் குளிர்ந்த காற்றிலே 14.20 என்று எழுதியவன், வெப்பமேறிய நண்பகலிலும் அவ்வெண்ணையே பற்றிநிற்பானாயின், சொன்னதை எட்டமாட்டாது பின்தங்குவான். சிறந்த சாரதி ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் காற்றையும் காரையும் தன் கைகளின் களைப்பையும் ஆராய்ந்து, பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுகிறான். அதற்கு விதியும் இடமளிக்கிறது. புறப்பட்ட பின் திருத்துவதற்குத்தான் எவருக்கும் உரிமையில்லை. வாக்கைக் கொடுக்குமுன் தன்னை அளந்துகொள்ளுதலும், கொடுத்தபின் அதனுக்குக் கட்டுப்படுதலும் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே வாய்மை.

ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் சாரதியின் கையிலே ஒரு சிறு சீட்டுக் கொடுக்கப்படும். விளக்குக்குத் துலங்கிய நேரம், 60 அடியைக் கடந்த நேரம், முழுத்தூரத்தின் நேரம், அறிவித்த எண் ஆகியன அதிலே அச்சிடப்பட்டிருக்கும். தான் கூறியதையும் தான் செய்ததையும் ஒரே தாளில் அருகருகே காணும் வாய்ப்பு வாழ்க்கையின் பிற துறைகளிலே மனிதனுக்கு எளிதிற் கிட்டுவதில்லை. மேடையிற் பேசுவோரும், வாக்களிப்போரிடம் வாக்குறுதி வழங்குவோரும், கற்பிப்போரும், கற்போரும் அத்தகைய சீட்டின்றியே வாழ்கின்றனர். அச்சீட்டைத் தாமே எழுதிப் பார்க்கும் மனத்துணிவு அவர்களுக்கு வேண்டியுள்ளது.